இராசமலரின் நித்திரை

இராசமலர் பிறத்தியார் வீட்டில் இரவு தங்கமாட்டாள் என்பது பருத்தித்துறைக் கடற்கரைப் பக்கத்தில் அநேகமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கலியாண வீடு என்றால் விடியவே போய்த் தேங்காய் திருவுவாள், பலகாரம் சுடுவாள், பந்தியில் நின்று பரிமாறுவாள். பொழுது சாயத் தொடங்கியதும் தேடினால் ஆள் இராது. செத்த வீட்டிலும் அப்படித்தான். அவளுக்குப் பெருமை என்று சிலர் சொன்னார்கள். புருஷன் சந்தேகக்காரன் என்று வேறு சிலர் சொன்னார்கள். இரண்டும் இல்லை. அவள் நித்திரையில் பல்லை நறநறவென்று நறுமுவாள். அந்தச் சத்தத்தை இன்னொருவர் கேட்டுவிடக்கூடாது என்பதற்காகவே தன் வாழ்க்கையின் நல்ல பங்கை அப்படிக் கழித்தாள்.

அவள் பிறந்தது தொண்டைமானாற்றில். தகப்பன் கனகலிங்கத்துக்குக் கடல்தொழில். இரண்டு பெண் பிள்ளைகளில் இராசமலர் இளையவள், மூத்தவள் நாகேஸ்வரி. இராசமலருக்கு ஏழெட்டு வயதில் முன்வாய்ப் பால்பல் ஒன்று ஆடவே இல்லை. அது விழும் முன்னரே புதுப்பல் அதன் பின்னால், அண்ணத்துப் பக்கமாக முளைத்துவிட்டது. தாய் பால்பல்லில் நூலைக் கட்டி இழுத்து எடுத்தாள். இடம் கிடைத்ததும் புதுப்பல் தானாக முன்னுக்கு வரும், நாக்கால் தள்ளிக்கொண்டிரு என்றாள். பிள்ளையும் சில நாள் தள்ளிப் பார்த்தது. பிறகு மறந்துவிட்டது. பல் உள்ளேயே நின்றுவிட்டது. நோவு இல்லை, வெளியே தெரியவும் இல்லை. வாயை மூடும்போது மட்டும் நாடியைச் சற்று இடப்பக்கம் சரித்து மூடுவாள். அது அவளுக்கே தெரியாது.

நித்திரையில் நறுமத் தொடங்கியதும் அந்த வயதில்தான். வயிற்றில் பூச்சி என்று பரிகாரியார் பேதிக்குக் கொடுத்தார். பூச்சி போனதோ என்னவோ, சத்தம் போகவில்லை. ஒரே பாயில் படுக்கும் நாகேஸ்வரி சத்தம் கேட்டால் தங்கையின் தோளைப் பிடித்து ஒரு பக்கம் புரட்டிவிடுவாள். கொஞ்ச நேரம் நிற்கும். அந்த வீட்டில் அது ஒரு குறையாகவே இருக்கவில்லை. ஒருவர் குறட்டை விடுவது போல, ஒருவர் நித்திரையில் கதைப்பது போல.

1956ஆம் ஆண்டு, பதினெட்டு வயதில், பருத்தித்துறை ஆழ்வாப்பிள்ளைக்குக் கலியாணம் செய்து கொடுத்தார்கள். ஆழ்வாப்பிள்ளை கெட்டவனல்ல. கலகலப்பான ஆள், நாலு பேர் கூடிய இடத்தில் சிரிப்பு மூட்டாமல் இருக்கமாட்டான். பொழுதுபட வள்ளம் தள்ளினால் விடியத்தான் கரைக்கு வருவான். அதனால் முதல் சில மாதம் மனைவியின் நித்திரை எப்படி என்று அவனுக்குத் தெரிய அதிகம் வாய்ப்பு இருக்கவில்லை.

அடுத்த வருஷம் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலம் தொடங்கியதும் வழக்கம்போல முல்லைத்தீவுக் கரையில் வாடிக் குடிசைகள் போட்டுத் தொழில் செய்யப் போனார்கள். சில பெண்களும் கூடப் போவார்கள். சமையல், மீன் காயவைக்கும் வேலை. புதுப்பெண்ணும் போனாள். அங்கே குடிசைகளுக்கு நடுவே ஒரு கிடுகு மறைப்புத்தான். ஒரு பக்கம் இருமினால் மறுபக்கம் கேட்கும். ஒரு கிழமை, ஏழு நாள்கூடப் போகவில்லை, கிணற்றடியில் பெண்கள் தங்களுக்குள் சிரிக்கத் தொடங்கினார்கள். இராவில் யார் அம்மி இழுப்பது என்று ஒருத்தி கேட்டாள். அன்று மத்தியானம் வலை பொத்திக்கொண்டிருந்த ஆண்களுக்கு இடையிலும் அந்தக் கதை வந்தது. ஆழ்வாப்பிள்ளை எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான்.

"அது எங்கடை வீட்டு மில்லு. அரிசி கொண்டந்தால் அரைச்சுத் தரலாம்" என்றான்.

கஞ்சி கொண்டு வந்த இராசமலர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அந்தச் சோளகம் முழுக்க அவனுக்கு 'மில்லுக்காரன்' என்று பெயர். அவனுக்கு அது பெரிதாகப் படவில்லை. பட்டப்பெயர் இல்லாத ஆள் வாடியில் யார்? ஆனால் இராசமலர் வயிற்று நோவு என்று சொல்லி, கருவாடு ஏற்றிய லொறியில் மூன்றாம் நாளே ஊருக்கு வந்துவிட்டாள். பிறகு ஒருபோதும் வாடிக்குப் போகவில்லை. அதனால் வருஷத்தில் பாதிக்குத்தான் அவர்கள் புருஷன் பெண்சாதியாக ஒரு வீட்டில் இருந்தார்கள்.

வீட்டிலும் அவள் படுக்கையை மாற்றிக்கொண்டாள். மாமியார் இரத்தினம்மா விறாந்தையில் படுப்பாள். இராசமலர் உள் அறைக் கதவைச் சாத்தி, கதவின் அடியில் ஒரு பழஞ்சேலையைச் சுருட்டி வைத்துவிட்டுப் படுப்பாள். காலையில் எழும்பினால் கடைவாய்க் கொடுப்பு முழுவதும் கடுத்துக் கிடக்கும். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் வலிக்கும். வேப்பெண்ணெய் பூசி, சூட்டு ஒத்தடம் கொடுத்துவிட்டு அடுப்பு மூட்டப் போவாள். சந்நிதிக் கோயிலில் சில நாள் தங்கிக் கிடந்தால் முருகன் மாற்றிவிடுவான் என்று மாமியார் சொன்னாள். அங்கே மடங்களில் சனங்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள் என்பதை நினைத்தே அவள் அதற்குப் போகவில்லை. பகலில் போய்க் கும்பிட்டுவிட்டு பகலிலேயே திரும்பினாள்.

1959இல் குணலட்சுமி பிறந்தாள். பிள்ளை கைக்குழந்தையாக இருந்தவரை தாயின் பக்கத்திலேயே கிடந்தது. அந்த வயதில் அதற்குச் சத்தம் ஒரு தாலாட்டுப் போலத்தான் இருந்திருக்கும். நாலு வயதில் ஒருநாள் பிள்ளை இடையில் விழித்துக்கொண்டது. இருட்டில் தாயின் முகம் தெரியவில்லை, தாயின் வாயிலிருந்து அந்தச் சத்தம் மட்டும் வந்தது. அம்மாவுக்குள் பேய் இருக்கிறது என்று வீரிட்டு அழுதது. அடுத்த நாள் காய்ச்சல். மாமியார் திருநீறு போடுவித்து, பிள்ளையின் கையில் நூல் கட்டுவித்து, தன் பாயில் படுக்கவைத்தாள். காய்ச்சல் மாறியது. ஆனால் விளக்கு வைக்கும் நேரம் வந்தால் பிள்ளை தாயிடம் வராது. பகல் முழுக்கச் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு திரியும். பொழுதுபட்டதும் அப்பாச்சியின் மடிக்குள் ஒளித்துக்கொள்ளும்.

இராசமலர் அதைப் பற்றி யாரிடமும் முறையிடவில்லை. பிள்ளை பயப்படுவதில் பிழை என்ன என்றுதான் நினைத்தாள்.

இரத்தினம்மா 1965இல் காலமானாள். அந்த வருஷமும் ஆழ்வாப்பிள்ளை முல்லைத்தீவுக்குப் போய்விட்டான். வீட்டில் தாயும் ஆறு வயது மகளும் மட்டும். பிள்ளை படுக்கமாட்டேன் என்று விறாந்தைத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும். இராசமலர் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு, தான் குசினியில் குந்தியிருந்து முழித்தாள். எத்தனை நாள் முழிக்கலாம்? பகலில் அடுப்படியில் விழுந்து நித்திரையாகி ஒருமுறை சேலை எரிந்தது. அதற்குப் பிறகுதான் தமக்கையிடம் போய்க் கேட்டாள்.

நாகேஸ்வரிக்குப் பிள்ளை இல்லை. புருஷன் இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போனான். தொண்டைமானாற்றுத் தாய்வீட்டில் தனியே இருந்து பாய் பின்னி விற்றாள். தங்கை கேட்டதும் அவள் முகம் மலர்ந்ததை இராசமலர் கண்டாள். கண்டும் காணாதது போல இருந்தாள். ஊருக்கு ஒரு காரணம் சொல்லவேண்டுமே. தொண்டைமானாற்றுப் பள்ளிக்கூடம் நல்லது, பெரியம்மாவுக்கும் துணை என்று சொன்னார்கள். உண்மைக் காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்லவேண்டாம் என்று தமக்கையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். வளர்ந்த பிறகு தாயைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சத்தம் அதன் நினைவுக்கு வரக்கூடாது என்று எண்ணினாள்.

சனி, ஞாயிறுகளில் குணலட்சுமி பருத்தித்துறைக்கு வருவாள். வல்வெட்டித்துறை வழியாக வரும் பஸ்ஸில் நாகேஸ்வரி கூட்டிவருவாள். இராசமலர் அதற்காக வெள்ளிக்கிழமையே மாவறுத்து வைத்திருப்பாள். தலை முழுகவார்த்து, பேன் பார்த்து, இறால் வறுத்துக் கொடுத்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருப்பாள். நாலரை மணி ஆனதும் சட்டை மாற்றிவிடுவாள். இன்னும் கொஞ்சம் இருக்கிறேன் என்று பிள்ளை சொன்னாலும் விடமாட்டாள். பஸ் வரும் வழியையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் அவசரப்படுத்தியது ஏன் என்று அவளுக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியவில்லை.

ஒருமுறை நோயை மாற்றிக்கொள்ள வாய்ப்பு வந்தது. ஆழ்வாப்பிள்ளையோடு பங்கில் தொழில் செய்த சந்தியோகு என்பவர் 1969இல் ஒரு தகவல் கொண்டு வந்தார். அவருடைய மருமகன் பெடியன் ஒருவன் நித்திரையில் பல்லை நறுமுவானாம், யாழ்ப்பாணத்தில் செபநாயகம் என்று ஒரு பல் டொக்டர் கம்பி போட்டுப் பல்லை நேராக்கினாராம், நறுமுதலும் குறைந்துவிட்டதாம். ஆழ்வாப்பிள்ளை அதை வீட்டில் வந்து சொன்னான். வாடியில் சிரித்தது அவனுக்கு அப்போதே உறுத்தத் தொடங்கியிருந்தது என்று நினைக்கிறேன். போய்ப் பார்ப்போம் என்று இரண்டு மூன்று தரம் கேட்டான்.

இராசமலர் சம்மதிக்கவில்லை. பெற்ற மகளுக்கே மறைத்ததைக் கதிரையில் இருத்தி விளக்கடிக்கும் ஒரு பிற ஆணுக்குச் சொல்லுவதா? முப்பது வயது கடந்தவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வாயில் கம்பியோடு சந்தைக்குப் போவதா? சந்தியோகுவுக்கு இது எப்படித் தெரியும், அவருக்கும் சொல்லிச் சிரித்தீர்களா என்று புருஷனைக் கேட்டாள். அவன் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

அப்படியே இன்னும் ஆறு வருஷம் போயிற்று.

1975 மாசி மாதம். நாகேஸ்வரி பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துக் கொடுத்துவிட்ட புழுக்கொடியலில் ஒரு துண்டைக் கடித்தாள். கொடுப்புப் பல் ஒன்று இரண்டாகப் பிளந்தது. பல்லடி முரசு வீங்கி, கண் வரைக்கும் நோவு ஏறியது. இரண்டு நாள் கிராம்பு வைத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் ஆழ்வாப்பிள்ளை கேள்வி கேட்காமல் அவளை யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏற்றினான். அவனுக்குத் தெரிந்த ஒரே பல் டொக்டரின் பெயர் செபநாயகம்.

டொக்டர் செபநாயகம் ஐம்பதை நெருங்கியவர். மெதுவாகக் கதைப்பார். பிளந்த பல்லை விறைக்கப்பண்ணி எடுத்தார். எடுத்த பிறகும் கதிரையை விட்டு இறங்கவிடவில்லை. மற்றப் பற்களைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். வாயை மூடச் சொன்னார், திறக்கச் சொன்னார், மறுபடி மெல்ல மூடச் சொன்னார். கொடுப்புப் பற்களின் மேற்பாகமெல்லாம் அம்மிக்கல் தேய்ந்தது போலத் தட்டையாக இருந்தது.

"நித்திரையிலை பல்லு நறுமுறனீங்களோ அம்மா?" என்று கேட்டார்.

ஒரு காய்ச்சலைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டார். இராசமலரின் கண்ணால் நீர் ஓடியது. பல் எடுத்த நோவு என்று தாதி நினைத்தாள். வாசலில் நின்ற ஆழ்வாப்பிள்ளைதான் "ஓம் டொக்டர், கனகாலமா" என்றான்.

டொக்டர் கைக்கண்ணாடி ஒன்றை அவளிடம் கொடுத்து, அவளுடைய வாயை அவளுக்கே காட்டினார். மேல்வரிசையில் ஒரு பல் உள்ளே நிற்கிறது. வாய் மூடும்போது மற்ற எல்லாப் பற்களுக்கும் முன்னால் அதுதான் கீழ்ப்பல்லில் முட்டுகிறது. அதற்கு இடம்விட நாடி ஒவ்வொரு தரமும் ஒரு பக்கம் சறுக்குகிறது. பகலில் தெரியாமலே சரித்து மூடிக்கொள்கிறாள். நித்திரையில் தாடை அந்தத் தடையோடு மல்லுக்கட்டுகிறது; அதை அரைத்துத் தள்ளப் பார்க்கிறது. அரைபட்டுப் போனவை கொடுப்புப் பற்கள். இப்படி விளக்கிவிட்டு, பல் நறுமும் எல்லோருக்கும் காரணம் இதுவல்ல என்றும் சொன்னார். சிலருக்கு மனக்கவலை, சிலருக்குக் காரணமே தெரியாது. அவர்களுக்குக் கம்பி போட்டும் பிரயோசனம் இல்லை.

"உங்களுக்கு அந்தப் பல்லை முன்னுக்குக் கொண்டு வந்தால் நறுமிறது நிக்குமெண்டு நினைக்கிறன். வாக்குத் தரமாட்டன். செய்து பாக்கலாம்."

இந்த வயதில் பல் அசையுமா என்று ஆழ்வாப்பிள்ளை கேட்டான். அசையும், கொஞ்சம் மெதுவாக அசையும் என்றார் டொக்டர். அப்போதுதான் இராசமலர் வாயைத் திறந்தாள். சின்ன வயதில் வந்திருந்தால் எவ்வளவு காலம் எடுத்திருக்கும் என்று கேட்டாள்.

"பத்துப் பன்னிரண்டு வயசிலையெண்டால் மூண்டு நாலு மாசம். ஆனால் அம்மா, அப்ப இஞ்சை இது செய்ய ஆளில்லை. கொழும்புக்குத்தான் போகோணும்."

"நீங்கள் எப்ப இஞ்சை வந்தனீங்கள்?"

"நான் வந்து இப்ப ஏழு வருசம்."

இராசமலர் தலையைக் குனிந்துகொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது நெல்லியடி வரைக்கும் விரல்களை மடித்து எண்ணிக்கொண்டு வந்தாள். அவள் என்ன கணக்குப் பார்க்கிறாள் என்று ஆழ்வாப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் குணலட்சுமிக்கு ஒன்பது வயது.

அடுத்த மாதம் வைத்தியம் தொடங்கியது. வாய் நிறைய ஒரு களியை வைத்து அச்சு எடுத்தார்கள். அந்த அச்சில் அண்ணத்தோடு ஒட்டி நிற்கும் மெல்லிய பிளேட் ஒன்று செய்தார்கள். அதில் ஒரு சின்னக் கம்பிச் சுருள். உள்ளே நின்ற பல்லைப் பின்னாலிருந்து விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். பற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாதபடி கொடுப்புப் பக்கம் பிளேட் தடிப்பாக இருந்தது. கழுவுவதற்கு மட்டும் கழற்றலாம். மற்றப்படி இரவும் பகலும் வாயில் கிடக்கவேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை யாழ்ப்பாணம் போய்க் கம்பியை முறுக்கிக்கொண்டு வரவேண்டும்.

முதல் கிழமை வாயூறிக்கொண்டே இருந்தது. பேச்சுக் குழறியது. 'ச' வரவில்லை, 'ர' வரவில்லை. மீன் சந்தையில் அவள் விலை கேட்டபோது ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். சிரித்தாளோ இல்லையோ, சிரித்தது போல இராசமலருக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து பிளேட்டைக் கழற்றி முற்றத்தில் எறிந்துவிட்டாள். ஆழ்வாப்பிள்ளை அதை மண்ணிலிருந்து எடுத்துக் கழுவிக்கொண்டு வந்தான். அவள் முன்னால் குந்தியிருந்தான்.

"இஞ்சாரும், இதைப் போடும். சிரிக்கிறவை சிரிக்கட்டும். நான் சிரிச்சதிலும் பார்க்க அவை கூடச் சிரிக்கப் போகினமோ?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்டைக்கு வாடியிலை நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது" என்றான். "அதை நான் மறந்திட்டன் எண்டு நினைச்சிருப்பீர். மறக்கேல்லை."

அந்தச் சொல் வரப் பதினெட்டு வருஷம் ஆனது. இராசமலர் கையை நீட்டிப் பிளேட்டை வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சோளகத்துக்கு அவன் முல்லைத்தீவுக்குப் போகவில்லை. கரையோடு கிடைத்த தொழிலைச் செய்தான். அவள் சப்பிச் சாப்பிட முடியாத நாட்களில் தானே கூழ் காய்ச்சினான். புளி கூடிவிடும், அவள் குடித்துவிடுவாள். பல் மெல்ல மெல்ல நகர்ந்தது. கண்ணாடியில் நாளாந்தம் பார்த்தால் தெரியாது. ஐந்தாவது மாதம் ஒருநாள் அது கீழ்ப்பல்லின் விளிம்பைத் தாண்டி முன்னே வந்தது. டொக்டர் வாயை மூடச் சொன்னார். இராசமலர் மூடினாள். நாடி சறுக்காமல் நேரே வந்து பொருந்தியது. அவளுக்கு அது வேறு யாருடையவோ வாய் போல இருந்தது.

அதற்குப் பிறகு, தேய்ந்த பற்களைக் காப்பாற்ற, இரவில் மட்டும் போட இன்னொரு பிளேட் கொடுத்தார். தேய்ந்தது தேய்ந்ததுதான், அது திரும்ப வளராது என்பதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

கடல் கொந்தளித்து ஒருவரும் தொழிலுக்குப் போகாத வாடைக் காலம் வந்தது. ஆழ்வாப்பிள்ளை ஒரு கிழமை வீட்டில் இருந்தான். அந்தக் கிழமை முடிவில், காலைத் தேத்தண்ணியை வாங்கும்போது சொன்னான்.

"ஒரு கிழமையா நான் காது குடுத்துக்கொண்டுதான் படுக்கிறன். சத்தம் இல்லை."

"நித்திரையாப் போயிருப்பியள்."

"இல்லை. முழிச்சிருந்தனான். நீர் குழந்தைப்பிள்ளை மாதிரிக் கிடந்தீர்."

அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவளுடைய காதுகளால் ஒருநாளும் கேட்டிராத ஒரு சத்தம் இப்போது இல்லையென்று இன்னொருவர் சொல்லித்தான் தெரியவேண்டியிருந்தது. கொடுப்பில் கடுப்பு இல்லாமல் விடிவதை மட்டும் சில காலமாக உணர்ந்திருந்தாள்.

1976 தைப்பொங்கல் கழிந்த அடுத்த சனிக்கிழமை அவள் தொண்டைமானாற்றுக்குப் போனாள். போகுமுன் உள் அறையைச் சாணி போட்டு மெழுகி, புதுப்பாய் ஒன்று வாங்கி விரித்துவிட்டுப் போனாள். மகளைக் கூட்டிக்கொண்டு வருவது என்பதுதான் எண்ணம். குணலட்சுமிக்குப் பதினேழு வயது நடந்துகொண்டிருந்தது. கெட்டிக்காரி, தாயின் கண், தகப்பனின் நிறம்.

இராசமலர் விஷயத்தைச் சொன்னதும் நாகேஸ்வரி பின்னிக்கொண்டிருந்த பாயைச் சுருட்டி வைத்தாள். பிள்ளையைக் கேள் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள்.

குணலட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள். தாய் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளை வீரிட்டு அழுத இரவை, நூல் கட்டியதை, தூணைக் கட்டிப்பிடித்து நின்றதை, டொக்டரை, பிளேட்டை, இப்போது சத்தம் இல்லை என்பதை. சொல்லி முடித்துவிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கு அது ஒண்டும் நினைவில்லை அம்மா" என்றாள் குணலட்சுமி.

"பேய் எண்டு அழுதனி."

"நினைவில்லை. எனக்கு நினைவிருக்கிறது, நீங்கள் என்னை பஸ்ஸிலை ஏத்த அவசரப்படுறதுதான். என்னை வேண்டாமெண்டுதான் பெரியம்மாட்டை விட்டனீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்ட காலம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது. இராசமலர் பத்து வருஷத்துக்கு மேல் எந்தச் சத்தம் பிள்ளையின் நினைவில் தங்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அது தங்கவே இல்லை. வேறொன்று தங்கியிருந்தது. ஒருநாள் பகலில் கூப்பிட்டு இருத்தி, அம்மாவுக்கு நித்திரையில் ஒரு வருத்தம் என்று நாலு சொல் சொல்லியிருந்தால் போதும்.

இப்போது வருகிறாயா என்று மட்டும் கேட்டாள்.

"வந்து போறன் அம்மா. வந்து நிக்கிறன். ஆனால் பெரியம்மாவை விட்டிட்டு எப்பிடி நான் ஒரேயடியா வாறது?"

நாகேஸ்வரி அன்று தங்கையை பஸ் தரிப்பு வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். வழியில் அவளும் ஒன்று சொன்னாள். சத்தியம் செய்ததால்தான் பிள்ளைக்குச் சொல்லவில்லை என்று இத்தனை காலமும் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாளாம். சொன்னால் பிள்ளை பயம் தெளிந்து தாயிடமே போய்விடும் என்ற பயமும் தனக்கு இருந்தது என்றாள். இராசமலர் தமக்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரை யார் கோபிப்பது?

சொன்னபடி குணலட்சுமி வந்து நின்றாள். பள்ளிக்கூட விடுமுறைகளில் நாலு நாள், ஐந்து நாள். தாயும் மகளும் ஒரே அறையில் படுத்தார்கள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. முதல் தடவை இராசமலருக்குத்தான் நித்திரை வரவில்லை. மகள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். பகலில் இருவரும் நன்றாகக் கதைப்பார்கள், சிரிப்பார்கள். ஆனால் தலையிடித்தால் தைலம் எங்கே என்று குணலட்சுமி தானே தேடுவாள், தாயைக் கூப்பிடமாட்டாள். குழம்பு எப்படி என்று தாய் கேட்டால் நல்லாயிருக்கு என்பாள், விருந்தாளி சொல்வது போல. இன்னொரு கிழமையும் நில் என்று இராசமலர் ஒருபோதும் வற்புறுத்தவில்லை. அந்த உரிமை தனக்கு இல்லை என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள்.

1979இல் குணலட்சுமிக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை கதிரவேலு, வல்வெட்டித்துறைப் பக்கம். மருதனார்மடத்தில் ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தார். கலியாணம் தொண்டைமானாற்று வீட்டில்தான். தாரைவார்க்க ஆழ்வாப்பிள்ளையும் இராசமலரும் நின்றார்கள். ஆனால் எந்தச் சேலை, எந்தப் பலகாரம், யார் யாருக்குச் சொல்வது என்று சனங்கள் கேட்கப் போனது நாகேஸ்வரியிடம். அந்தக் கலியாண வீட்டில் இராசமலர் மூன்று நாள் தங்கினாள். பெண்கள் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்த விறாந்தையில் அவளும் படுத்தாள். ஒருத்தரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. இத்தனை வருஷமும் இவ்வளவுக்குத்தானா பயந்தேன் என்று பிறகு புருஷனிடம் சொன்னாளாம்.

அடுத்த வருஷம் பிள்ளைப்பேற்றுக்கும் மகள் பெரியம்மா வீட்டுக்கே வந்தாள். பெண் குழந்தை. இராசமலர் தொண்டைமானாற்றில் ஒரு மாதம் இருந்து பத்தியச் சாப்பாடு சமைத்தாள், மருந்துச் சரக்கு அரைத்தாள், குழந்தைக்கு எண்ணெய் பூசி வார்த்தாள். குழந்தை இரவில் அழுதால் முதலில் எழும்புவது அவள்தான். அப்படி எழும்பிய ஒரு விடியற்புறத்தில் குணலட்சுமி அவள் கையைப் பிடித்து, நீங்கள் படுங்கோ அம்மா, நான் பார்க்கிறன் என்றாள். அந்த ஒரு மாதம்தான் தன் வாழ்க்கையில் மகளோடு சேர்ந்து இருந்த காலம் என்று இராசமலர் சொல்வாள்.

இப்போது, 1982இல், அவளுக்கு நாற்பத்துநாலு வயது. முன்வாய்ப் பல் வரிசை நேராக இருக்கிறது. கொடுப்புப் பற்களில் மூன்று இல்லை. யாராவது தங்கள் பிள்ளை நித்திரையில் பல் நறுமுகிறது என்று சொன்னால் விடமாட்டாள். பூச்சி மருந்தோடு நிற்காதே, ஒருமுறை வாயைக் காட்டு, உடனே காட்டு என்பாள். கூச்சமில்லாமல் தன் கதையைச் சொல்வாள். சந்தையில் நின்றே சொல்வாள். இருபது வருஷத்துக்கு முன் அவளைக் கண்டவர்களுக்கு அது புதினமாக இருக்கும்.

பேத்திக்கு இரண்டு வயது. மாதத்தில் ஒருமுறை மருதனார்மடத்திலிருந்து எல்லோரும் வருவார்கள். குழந்தைக்கு இப்போது நன்றாகக் கதை வருகிறது. நாகேஸ்வரியை அது 'அம்மம்மா' என்கிறது. இராசமலரை 'துறை அம்மம்மா' என்கிறது. பருத்தித்துறை என்று முழுக்கச் சொல்ல அதற்கு வாய் வராது. அப்படியல்ல, இவதான் உன்ரை அம்மம்மா என்று குணலட்சுமி இரண்டொரு தரம் திருத்திப் பார்த்தாள்.

"விடு பிள்ளை" என்றாள் இராசமலர். "அது சரியாத்தான் சொல்லுது."